ஒரே கொடி, ஊருக்கு ஊர் வேறு மணம்

செப்டம்பர் தொடக்கத்தில் மாக்ஸீ ஊரே மணக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா நகரை ஒட்டிக் கிழக்கே இருக்கும் சிற்றூர் அது. ஊருக்குள் திரும்பும்போதே மூடிய கார்க் கண்ணாடியை மீறி வாடை வந்துவிட்டது. முதலில் கசக்கிய பச்சிலை, அதன் பின்னால் எலுமிச்சைத் தோல், அதற்கும் அடியில் பைன் மரப் பிசின். எனக்கு முன்னால் கொடிகளைக் குவித்து ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து உதிர்ந்த பச்சைக் கூம்புகள் சாலையின் இரு ஓரமும் உருண்டு கிடந்தன. ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை இங்கே இரவு பகலாக அறுவடை. அமெரிக்க ஹாப்ஸில் ஏறத்தாழ முக்கால் பங்கு வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிறது. அதில் கிட்டத்தட்ட எல்லாமே யாக்கிமா பள்ளத்தாக்கின் விளைச்சல்தான்.

பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுப்பது ஹாப்ஸ் கொடியின் பெண் பூக்கூம்பு. ஒரே ரகத்தை வேறு ஊரில் நட்டால் வேறு சரக்காக வருகிறது என்று பியர் தயாரிப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை, வேதியியல் அதற்கு என்ன காரணம் சொல்கிறது என்று தோட்டத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கேள்விக்கு ஹாப்ஸ் மிகப் பொருத்தமான பயிர். தோட்டக்காரர் யாரும் இதை விதை போட்டு வளர்ப்பதில்லை. வேர்த்தண்டுத் துண்டை நட்டு வளர்க்கிறார்கள். அதனால் ஒரு ரகத்தின் கொடிகள் எல்லாம் மரபில் ஒன்றேதான். அவற்றுக்குள் வித்தியாசம் தெரிந்தால், அது மண்ணும் வானும் மனிதக் கையும் செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

பண்ணைக்காரர் தோட்டத்து முகப்பில் காத்திருந்தார். தொப்பியின் விளிம்பிலும் விரல் இடுக்கிலும் மஞ்சள் பிசின் படிந்திருந்தது. "முதலில் கொடியைப் பாருங்கள், அப்புறம் ஆய்வகம்" என்று உள்ளே அழைத்துப் போனார்.

பந்தல் என்றால் நாம் திராட்சைக்குப் போடும் உயரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே கம்பங்கள் ஐந்தரை மீட்டர். மேலே குறுக்கும் நெடுக்குமாக எஃகுக் கம்பி. அந்தக் கம்பியிலிருந்து ஒவ்வொரு வேருக்கும் இரண்டு கயிறு தரைக்கு இறங்குகிறது. மே மாதத்தில் ஆட்கள் குனிந்து இளங்கொடிகளைக் கையால் கயிற்றில் சுற்றிவிடுகிறார்கள். கொடி எப்போதும் வலஞ்சுழியாகத்தான் ஏறும். நல்ல வெயில் காலத்தில் ஒரு நாளில் ஒரு சாண் வளர்வது சாதாரணம். ஜூன் முடிவதற்குள் உச்சிக் கம்பியைத் தொட்டுவிடுகிறது. நான் நின்ற வரிசையில் இரு பக்கமும் கூம்புகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வெளியே உச்சிவெயில், உள்ளே பச்சை நிழல்.

கயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் கைக்குப் பழகிய சொரசொரப்பு. தென்னை நார்க் கயிறு. இலங்கையிலிருந்து கப்பலில் வருகிறது என்றார் பண்ணைக்காரர். ஹாப்ஸ் கொடியின் தண்டில் கொக்கி போன்ற நுண்ணிய முடிகள் உண்டு; வழவழப்பான பிளாஸ்டிக் கயிற்றில் அவை பிடிப்பதில்லை, தென்னை நாரில் கப்பென்று பிடித்துக்கொள்கின்றன. அறுவடையில் கயிறும் கொடியோடு சேர்ந்து அறுபட்டு, அரைபட்டு, மக்கி மண்ணுக்கே திரும்புகிறது. அடுத்த வசந்தத்தில் புதுக் கயிறு. தென்னையே இல்லாத ஒரு பள்ளத்தாக்கின் முழு விளைச்சலும் ஆண்டுதோறும் தென்னை நாரைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி.

அவர் ஒரு கூம்பைப் பறித்து என் கையில் வைத்தார். கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் பிளந்தேன். காகிதம் போல் மெல்லிய செதில்கள் ஒரு நடுக்காம்பைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு செதிலின் அடியிலும் மஞ்சள் பொடி. இதற்கு லுபுலின் என்று பெயர். பொடியாகத் தெரிந்தாலும் விரலில் தேய்த்தால் பசையாக ஒட்டுகிறது. ஒவ்வொரு துகளும் பிசினும் எண்ணெயும் நிறைந்த ஒரு சுரப்பி. நாக்கில் வைத்தேன். கசப்பு உடனே தெரியவில்லை. சில நொடி கழித்து அடித்தொண்டையில் பிடித்தது, பிறகு நெடுநேரம் போகவில்லை.

ஊரின் கையெழுத்து விழுவது இந்த மஞ்சள் துகளில்தான். இதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று பிசின், அதில் முக்கியமானது ஆல்பா அமிலங்கள். ஹியூமுலோன், கோஹியூமுலோன், அட்ஹியூமுலோன் என்று மூன்று உறவுகள். கொதிக்கும் மாவுச்சாற்றில் இவை உருமாறி ஐசோ ஆல்பா அமிலங்கள் ஆகின்றன; பியரின் கசப்பு அதுதான். மற்றொன்று எண்ணெய். நூறு கிராம் உலர்ந்த கூம்பில் ஒன்றிரண்டு மில்லிலிட்டர்தான் தேறும், ஆனால் மணம் முழுக்க அதில் அடங்கியிருக்கிறது. மைர்சீன், ஹியூமுலீன், கேரியோஃபிலீன், சில ரகங்களில் ஃபார்னசீன். இவை பெரும் பங்கு. இவற்றோடு மிகக் குறைந்த அளவில் லினலூல், ஜெரானியால். இன்னும் நுண்ணிய அளவில், கந்தகம் ஏறிய தயோல் என்னும் சேர்மங்கள். எது இருக்கும் என்பதைப் பெரும்பாலும் ரகம் தீர்மானிக்கிறது. எவ்வளவு இருக்கும், எந்த விகிதத்தில் இருக்கும் என்பதில் ஊர் கை வைக்கிறது.

முதலில் பகலின் நீளம். ஹாப்ஸ் நீண்ட பகலில் உயரமாக வளரும். ஜூன் கடைசிக்குப் பின் பகல் சுருங்கத் தொடங்கியதும் பூவுக்குத் திரும்பும். அதனால்தான் உலகின் ஹாப்ஸ் தோட்டங்கள் பெரும்பாலும் 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள் அடங்குகின்றன. தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் நகரப் பகுதி 34 டிகிரியில் இருக்கிறது. அங்கே தோட்டத்தில் மின்விளக்கு போட்டுப் பகலை நீட்டியே பயிர் செய்தார்கள். குறுகிய பகலுக்கு ஏற்ற சொந்த ரகங்களை உருவாக்கிய பிறகுதான் விளக்குக்கான தேவை போனது.  யாக்கிமா 46 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. கோடையில் கிட்டத்தட்ட பதினாறு மணி நேரப் பகல்.

அடுத்தது தண்ணீர். எனக்கு மேற்கே அடிவானத்தில் காஸ்கேட் மலைத்தொடர் தெரிந்தது. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் அந்த மலையின் மேற்குச் சரிவிலேயே தங்கள் ஈரத்தை இறக்கிவிடுகின்றன. மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவு. யாக்கிமாவின் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் சாம்பல் நிறப் புதர்ச் செடி மட்டும் முளைத்த வறண்ட குன்று. கொடிக்குத் தண்ணீர் மலையின் பனி உருகி யாக்கிமா ஆற்றிலும் கால்வாய்களிலும் வந்து, கடைசியில் கொடியின் காலடியில் ஓடும் கறுப்புக் குழாயிலிருந்து சொட்டுகிறது.

பண்ணைக்காரர் குனிந்து அந்தக் குழாயைத் தூக்கிக் காட்டினார். "இங்கே மழைக்காக வானத்தைப் பார்ப்பதில்லை. வேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நாங்களே கொடுக்கிறோம். இலை நனைவதே இல்லை" என்றார்.

இலை நனையாத அந்த ஒரு விஷயம் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வாஷிங்டனின் ஹாப்ஸ் நாடு மலைக்கு அந்தப் பக்கம், ஈரமான புயாலப் பள்ளத்தாக்கில் இருந்தது. எஸ்ரா மீக்கர் என்பவர் அதில் பெருஞ்செல்வர் ஆனார். 1890களின் தொடக்கத்தில் அசுவினிப் பூச்சி அந்தத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. மீக்கரின் செல்வமும் அதோடு போனது. தெற்கே ஒரிகான் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கு அதன்பின் முன்னுக்கு வந்தது. 1930களில் அங்கே அடிச்சாம்பல் நோய் பரவியது. வறண்ட யாக்கிமா மெல்ல மெல்ல முதலிடத்துக்கு வந்தது.

நோய் விளைச்சலை மட்டும் தொடுவதாக நினைத்திருந்தேன். கூம்பின் வேதியியலையும் அது தொடும் வழி ஒன்று இருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் அறிந்தவற்றில் என்னை மிகவும் ஆட்கொண்டது அதுதான்.

சில அமெரிக்க, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஹாப்ஸ் சேர்த்த பியரில் பிளாக்கரன்ட் பழமும் மஸ்கட் திராட்சையும் கலந்த மணம் வரும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான். அதை முகர்ந்தவர்களுக்கு இந்த மணம் புதிதல்ல. இதற்குக் காரணம் ஒரு தயோல். வேதியியலார் 4எம்எம்பி என்று சுருக்கி அழைக்கிறார்கள். ஒரு லிட்டர் பியரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஜப்பானின் அசாஹி பியர் நிறுவனத்தைச் சேர்ந்த கிஷிமோட்டோவும் சக ஆய்வாளர்களும் 2008இல் பல நாட்டு ஹாப்ஸை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்க, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஹாப்ஸில் தென்பட்ட அந்தச் சேர்மம் ஐரோப்பிய ஹாப்ஸில் ஏன் இல்லை என்று தேடியபோது, அவர்கள் கவனம் தாமிரத்தின் மேல் போனது. ஐரோப்பாவின் ஈரமான கோடையில் அடிச்சாம்பல் நோயைத் தடுக்க, தாமிரம் கலந்த மருந்துகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெளித்துவந்திருக்கிறார்கள். நம்மூர்த் திராட்சை விவசாயிக்குத் தெரிந்த போர்டோ கலவைதான் அவற்றில் பழையது, மயில்துத்தமும் சுண்ணாம்பும். தாமிரம் தயோலைக் கட்டிப்போடுகிறது. கட்டுப்பட்ட தயோலுக்கு மணம் இல்லை.

மேகம் மலையில் தடுக்கப்படுகிறது. மழை குறைகிறது, இலை காய்ந்தே இருக்கிறது, நோய் குறைகிறது. மயில்துத்தத்தின் தேவை குறைகிறது, கூம்பில் சேரும் தாமிரமும் குறைகிறது. அதனால் பன்னீர் திராட்சை மணம் தங்குகிறது. ஒரு மலைத்தொடரிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளை வரை சங்கிலி கண்ணி விடாமல் போகிறது. ஊர் என்பது மண்ணும் வெயிலும் மட்டும்தான் என்று பேசுபவர்கள் மருந்துத் தெளிப்பானைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊரில் மனிதர் செய்யும் பழக்கமும் ஊரின் ஒரு பகுதி.

வெட்டு நடக்கும் வரிசைக்குப் போனோம். ஒரு வண்டி கொடியை அடியில் அறுக்கிறது, பின்னால் வரும் மற்றொன்று உச்சியில் அறுக்கிறது. கொடி கயிற்றோடு அப்படியே லாரியின் பெட்டியில் சரிகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். தோட்டம் முழுக்க ஸ்பானிஷ் மொழிதான் கேட்டது. இயந்திரங்கள் வருவதற்கு முன் இந்த நிலத்தின் பூர்வகுடியான யாக்கமா மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கையால் பறித்திருக்கிறார்கள். பிரிப்புக் கொட்டகையில் கொடிகளைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டுகிறார்கள். கம்பி விரல்கள் கூம்பையும் இலையையும் உருவிப் போட, சாய்ந்த பட்டைகளின் மேல் உருண்டையான கூம்பு கீழே உருள்கிறது, தட்டையான இலை மேலே ஏறிப்போகிறது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. கையைக் காட்டித்தான் நகர்ந்தோம்.

உலர்த்தும் கொட்டகையில் சத்தம் இல்லை, வெப்பம்தான். சாக்குத் துணி விரித்த தளத்தில் முழங்காலைத் தாண்டிய உயரத்துக்குக் கூம்புகளைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஏற்றுகிறார்கள். 55 முதல் 60 டிகிரி வரை. பறித்தபோது கூம்பின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். எட்டுப் பத்து மணி நேரத்தில் அது பத்து சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். பக்குவம் பார்க்க ஒரு கூம்பை எடுத்து நடுக்காம்பை மடக்கினார் பண்ணைக்காரர். அது 'டக்' என்று முறியாமல் வளைந்தது. "இன்னும் ஒரு மணி நேரம்" என்றார். வெப்பத்தைக் கூட்டி நேரத்தை மிச்சம் பிடித்தால் எண்ணெய் ஆவியாகிவிடும். நான் ஊருக்குள் திரும்பும்போதே மணத்தது அப்படிப் பறந்துபோகும் மைர்சீன்தான்.

மறுநாள் பார்த்தது மேசை. செப்டம்பரில் உலகெங்குமிருந்து பியர் தயாரிப்பவர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, தங்களுக்கு வேண்டிய சரக்குத் தொகுதியை, அதாவது லாட்டை, முகர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். 200 பவுண்டுப் பொதியின் பக்கவாட்டில் கத்தியை இறக்கி, செங்கல் வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் சுற்றி மேசையில் வைக்கிறார்கள். வெட்டிய முகம் இஸ்திரி போட்டது போல வழவழப்பாக இருக்கிறது. பச்சைக்கு நடுவே மஞ்சள் வரி வரியாக லுபுலின். ஒரு பிடியைப் பிய்த்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்த்து, கைக்குள் மூக்கை வைத்து முகர வேண்டும். பிறகு கையைக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீருக்கு அந்தப் பிசின் போகாது.

எனக்காக எடுத்து வைத்திருந்த துண்டுகள் எல்லாம் காஸ்கேட் ரகம். அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியாளர்கள் ஒரிகானின் கொர்வாலிஸில் உருவாக்கி 1972இல் வெளியிட்ட ரகம் அது. ஆல்பா அமிலம் 5 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். எண்ணெயில் பாதியை ஒட்டி மைர்சீன். கிரேப்ஃப்ரூட் மணத்துக்குப் பேர்போனது. அமெரிக்கச் சிறு பியர் ஆலைகளின் அடையாளமாகவே ஆன ரகம்.

முதல் துண்டு இந்தப் பள்ளத்தாக்கில் பருவத் தொடக்கத்தில் அறுத்தது. கைக்குள் எழுந்தது பச்சிலையும் தேயிலையும் கலந்த வாடை. பழ மணம் எங்கோ தொலைவில். இரண்டாவது, அதே பள்ளத்தாக்கில் தாமதமாக அறுத்தது. இதில் கிரேப்ஃப்ரூட் தோலைக் கிள்ளியது போலச் சுரீரென்று வந்தது. கூம்பு கொடியில் முதிர முதிர எண்ணெய் ஏறிக்கொண்டே போகிறது. ஆல்பா அமிலம் அதற்கு முன்பே ஏறி நின்றுவிடுகிறது. கொர்வாலிஸில் உள்ள ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஷெல்ஹாமரின் குழு காஸ்கேட்டையே எடுத்து இதை ஆராய்ந்திருக்கிறது. சீக்கிரம் அறுத்ததில் மூலிகை வாடையும், தாமதித்து அறுத்ததில் எலுமிச்சை இனப் பழ மணமும் மேலோங்குவதைப் பதிவு செய்திருக்கிறது. வரம்பு தாண்டித் தாமதித்தால் சில ரகங்களில் வெங்காயமும் பூண்டும் நாறத் தொடங்கும். மழை பயம் இல்லாத ஊரில்தான் தோட்டக்காரர் கடைசி நாள் வரை துணிந்து காத்திருக்க முடியும். அறுவடை நாளும் ஒரு விதத்தில் வானிலை தருவதுதான்.

மூன்றாவது வில்லாமெட் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. மலைக்கு மேற்கே, குளிர்காலம் முழுக்க மழை, மிதமான கோடை, களி கலந்த மண். தேய்த்தேன். பழம் இருந்தது, ஆனால் கூர்மை இல்லை. பூ மணமும் கொஞ்சம் இனிப்பும் முன்னால் வந்தன. என் மூக்கை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. காஸ்கேட், மொசைக் என்ற இரண்டு ரகங்களை வாஷிங்டனிலும் ஒரிகானிலும் பல தோட்டங்களிலிருந்து எடுத்து, வேதிப் பகுப்பாய்வும் முகர்வுச் சோதனையும் செய்து, ஊரால் வேறுபாடு வருகிறது என்று கொர்வாலிஸ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நான்காவது ஜெர்மனியின் ஹாலர்ட்டாவ் பகுதியில் விளைந்த காஸ்கேட். மூன்றையும் முகர்ந்த பிறகு இதை முகர்ந்தால், பெயர் சொல்லாவிட்டால் காஸ்கேட் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். அடக்கமான மூலிகை மணம், ஓரத்தில் மட்டும் ஆரஞ்சுத் தோல். நியூசிலாந்தில் விளையும் காஸ்கேட்டுக்கு டைஹேக்கே என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். அது நேர்மையான முடிவு என்பேன்.

எதிர்த் திசையிலும் இதே கதை. ஜெர்மனியின் புகழ்பெற்ற ஹாலர்ட்டாவ் மிட்டல்ஃப்ரூவை அமெரிக்காவில் நட்டபோது அது ஒழுங்காக விளையவில்லை. கொர்வாலிஸின் ஆல்ஃபிரட் ஹானோல்ட் அதன் குணத்தைத் தாங்கிய புது ரகங்களை உருவாக்க வேண்டியிருந்தது. மவுண்ட் ஹுட் அவற்றில் ஒன்று. ஒரு பெரிய அமெரிக்க பியர் நிறுவனம் ஐரோப்பிய ரகங்களுக்காகவே ஐடஹோ மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையருகே போய்த் தோட்டம் போட்டது. ஹாலர்ட்டாவின் அட்சரேகைதான் அந்த இடத்துக்கும். பகலின் நீளத்தை விலைக்கு வாங்க முடியாது. அது இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

மேசையின் கோடியில் இன்னொரு காகிதம் இருந்தது. செக் நாட்டின் ஜாடெட்ஸ் ஊர் ஹாப்ஸ். ஜெர்மன் வழக்கில் சாஸ். பில்ஸ்னர் பியரின் மணம் என்று உலகம் அறிவது இதைத்தான். ஆல்பா அமிலம் 3, 4 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். எண்ணெயில் ஃபார்னசீன் நிறைய. தேய்த்ததும் ஈர மண்ணும் உலர்ந்த புல்லும் மெல்லிய மிளகுக் காரமும். இதுவரை முகர்ந்த எதற்கும் இதோடு சொந்தம் இல்லை. ஜாடெட்ஸும் ஒரு மழைமறைவுப் பகுதிதான். வடமேற்கே தாது மலைகள் என்ற மலைத்தொடர் மறைப்பதால் ஆண்டுக்கு 450 மில்லிமீட்டர் அளவில் மழை. இரும்பு ஏறிய செம்மண். அங்குள்ள பழைய ரகத்திலிருந்து செக் ஹாப்ஸ் ஆய்வாளர் கரெல் ஓஸ்வால்ட் தேர்ந்தெடுத்த மூன்று கொடிகளின் வாரிசுகளே 1950களிலிருந்து இன்று வரை அங்கே நிற்கின்றன. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கியது போல, ஜாடெட்ஸ் ஹாப்ஸும் 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றது. அதே கொடியை வேறெங்கே நட்டாலும் அந்தப் பெயரைப் போட முடியாது. 2023இல் அந்த ஊரையும் தோட்டங்களையும் உலர்த்தும் வீடுகளையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துக்கொண்டது.

பெயருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. பெயருக்குக் காரணமான வானிலைக்கு அது கிடைக்கவில்லை. செக் ஆய்வாளர் மார்ட்டின் மோஸ்னியின் குழு 2009இல் வெளியிட்ட கட்டுரைப்படி, சாஸ் ஹாப்ஸின் ஆல்பா அமிலம் 1954 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 0.06 சதவீதம் என்ற அளவில் இறங்கிவந்திருக்கிறது. அவர்களே 2023இல் ஜெர்மனி, செக், ஸ்லோவேனியா தோட்டங்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். 1994க்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் கூம்பு ஏறத்தாழ 20 நாள் முன்னதாகவே முதிர்கிறது. முதிர்ச்சி வெப்பம் மிகுந்த நாட்களுக்குள் நகர்ந்துவிடுவதால் ஆல்பா அமிலம் தங்குவதில்லை. 2050க்குள் விளைச்சல் 4 முதல் 18 சதவீதமும், ஆல்பா அமிலம் 20 முதல் 31 சதவீதமும் குறையும் என்பது அவர்கள் கணிப்பு. ஹாலர்ட்டாவில் 2003, 2015, 2022 ஆகிய கோடைகளிலேயே இதன் சாயலைத் தோட்டக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

யாக்கிமாவுக்குச் சொட்டுநீர் ஒரு கவசம்தான். ஆனால் அந்த நீர் மலைப்பனி. 2015இல் பனி பொய்த்தபோது, 1905 மே மாதத்துக்குப் பின் பதிவான நீருரிமை உள்ள தோட்டங்களுக்கு வழக்கமான அளவில் பாதிகூட வரவில்லை. 2021 ஜூன் கடைசியில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. பண்ணைக்காரர் இன்னொன்றையும் சொன்னார்: "புகை." ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கில் இறங்கினால், பசையுள்ள கூம்பு அதை ஈர்த்துக்கொள்கிறது. 2020இல் அப்படி நடந்தது. அப்போதிருந்து புகைச் சேர்மங்களைத் தேடிச் சோதிப்பதும் ஆய்வகங்களின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஊர் தன் கையெழுத்தில் இதையும் எழுதத் தொடங்கியிருக்கிறது.

ஆய்வகத்தில் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரைத்த கூம்பைக் கரைப்பானில் கரைத்து, புற ஊதா ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்து ஆல்பா அமிலத்தைக் கணக்கிடுகிறார்கள். எண்ணெயை நீராவியில் வடித்து, வாயு நிறப்பிரிகையில் செலுத்தி ஒவ்வொரு சேர்மமாகப் பிரிக்கிறார்கள். திரையில் மலை மலையாக எழும் கோட்டில் பெரிய சிகரம் மைர்சீன். பொதியின் சான்றிதழில் ஏறுவதோ ஆல்பா சதவீதமும் எண்ணெய் அளவும்தான். ஊரைக் காட்டிக்கொடுக்கும் சின்னச் சின்னச் சிகரங்கள் அதில் வருவதில்லை. விவசாயி பட்ட பாடும், மலை மறைத்த மழையும் அந்தச் சிகரங்களில்தான் இருக்கின்றன. அவை சான்றிதழில் வராதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஆல்பா சதவீதத்துக்கு மட்டும் விலை கொடுத்தால், அதைக் கூட்டித் தரும் ஊரும் ரகமும் மட்டுமே மிஞ்சும். ஜாடெட்ஸ் போன்ற ஊர்கள் தோற்கும்.

பியர் டப்பாக்களில் இப்போதெல்லாம் ரகத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்: காஸ்கேட், மொசைக், சாஸ். நான் முகர்ந்து பார்த்த வரையில் அது பாதித் தகவல். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த ஆண்டு என்பதையும் தயாரிப்பவர்கள் அச்சிட வேண்டும்; குடிப்பவர்களும் அதைக் கேட்க வேண்டும். கொட்டகையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பொதியின் மீதும் தோட்ட எண்ணும் லாட் எண்ணும் விளைந்த ஆண்டும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. அதை டப்பா வரை கொண்டுவர இன்னும் ஒரு வரி இடம் போதும்.